குறித்த நாளுக்கு முன்பே ஓய்வு பெறலாமா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து நம் பழைய நண்பர் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியர். வயது 57. குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைத் திறக்குமுன்பே, "ஐயா, நான் சீக்கிரம் ரிட்டயர் ஆகிவிட்டால் மாதாமாதம் அனுப்புகிற காணிக்கையைத் தொடர முடியுமோ என்னவோ, தெரியவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்" என்றார்.

எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் செலவுக் கணக்கில் மூன்றாவது வரியாகவே அதை எழுதி வைத்திருந்தார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னோம். ஒரு மனிதர் தம் வாழ்வின் கடைசிப் பகுதியை எப்படிச் செலவிடுவது என்று யோசிக்கும்போது அங்கே எங்களுக்கு நாற்காலி போட வேண்டியதில்லை. இதை வாசிக்கிற வேறு யாருடைய நோட்டிலாவது அப்படி ஒரு வரி இருந்தால் அவர்களும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

அவருடைய கேள்வி இதுதான். 1994-ல் வேலைக்குச் சேர்ந்தபோது ஓய்வு பெறும் வயது 58. வீட்டுக் கடன், மகளின் கலியாணம் எல்லாவற்றையும் அந்த 58-ஐ மனதில் வைத்தே திட்டமிட்டார். 2020 மே மாதம் தமிழக அரசு அதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தது. "ஓட்டப் பந்தயத்தில் கோட்டை இரண்டு தடவை தள்ளி வைத்த மாதிரி இருக்கிறது" என்றார். சக ஆசிரியர்கள் பலருக்கு அது மகிழ்ச்சி. இவருக்கு 84 வயதான தாயார் வீட்டில் படுத்த படுக்கை. 58-ல் போய்விடலாம் என்று பார்க்கிறார். ஆனால் இன்று அதற்குப் பெயர் விருப்ப ஓய்வு. "வேலை இருக்கும்போதே விட்டுவிட்டு வந்தவர்" என்று உறவினர் பேசுவார்கள். "நான் செய்யப்போவது சோம்பேறித்தனமா?" என்று கேட்டார்.

இந்த எண் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்தோம். மத்திய அரசு ஊழியருக்கு 1962 வரை 55, பிறகு 58, 1998-ல் 60. மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியருக்கு 56. ஜெர்மனியில் 1889-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது 70 என்று வைத்து, 1916-ல் 65 ஆகக் குறைத்தார்கள். கருவூலத்தில் பணம் எவ்வளவு, இளைஞருக்கு வேலை எவ்வளவு என்று பார்த்து அரசுகள் நகர்த்துகிற எண் இது. ஒருவருடைய உடம்பையோ வீட்டையோ பார்த்து வைத்ததல்ல. ஆகவே 58-ல் போவது சோம்பல், 60-ல் போவது உழைப்பு என்று யாரும் அளவுகோல் பிடிக்க முடியாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? வேதாகமத்தில் வேலை ஓய்வுக்கு வயது குறித்த பகுதி ஒன்று உண்டு. பலர் வாசித்திருப்போம், நின்று பார்த்திருக்க மாட்டோம். எண்ணாகமத்தில் லேவியரைப் பற்றியது.

நாலாம் அதிகாரத்தில் 30 வயது முதல் 50 வயதுவரை உள்ள லேவியரை எண்ணுகிறார்கள். கோகாத் வம்சத்தில் 2,750 பேர், கெர்சோன் வம்சத்தில் 2,630, மெராரி வம்சத்தில் 3,200. ஆக 8,580 பேர். இவர்கள் வேலை முக்கியமாகச் சுமப்பது. ஆசரிப்புக் கூடாரத்தைப் பிரிக்கவும், தூக்கவும், அடுத்த பாளயத்தில் மறுபடி நிறுத்தவும் வேண்டும். மெராரியருக்குப் பலகைகளும் தூண்களும் பாதங்களும். அது பெரும்பாரம் என்பதால் ஏழாம் அதிகாரத்தில் அவர்களுக்கு நாலு வண்டியும் எட்டு மாடும் கொடுக்கப்படுகின்றன. திரைகளைச் சுமந்த கெர்சோனியருக்கு இரண்டு வண்டி, நாலு மாடு. கோகாத்தியருக்கு வண்டியே இல்லை. பரிசுத்த பொருட்களைத் தோளில்தான் சுமக்க வேண்டும். மணலில், வெயிலில், இருபது வருஷம்.

எட்டாம் அதிகாரத்தின் கடைசியில் 50 வயதானவன் அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று வருகிறது. பெரும்பாலும் நாம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். அடுத்த வசனம், அவன் தன் சகோதரரோடு இருந்து காவலுக்கு உதவி செய்யலாம், ஆனால் பழைய ஊழிய வேலையைச் செய்ய வேண்டாம் என்கிறது. அவனை வீட்டுக்கு அனுப்பவுமில்லை, சுமக்கச் சொல்லவுமில்லை. சுமை வேறு, காவல் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. (அதே அதிகாரத்தில் சேரும் வயது 25 என்று இருக்கும்; நாலாம் அதிகாரத்தில் 30. இடையிலுள்ள ஐந்து வருஷம் பயிற்சிக் காலம் என்று யூத ஆசிரியர்கள் விளக்குவதுண்டு.)

பிற்பாடு என்ன ஆயிற்று என்பதும் கவனிக்கத் தக்கது. தாவீதின் நாட்களில் கூடாரத்தைத் தூக்கிச் சுமக்கும் தேவை இல்லாமல் போகிறது. 1 நாளாகமம் 23-ல் அதையே காரணமாகச் சொல்லி, சேரும் வயதை 20 ஆக்குகிறார்கள். யூதருடைய தல்மூத் இன்னும் ஒரு படி போகிறது. 50 வயது என்ற தடை தோளில் சுமந்த வனாந்தர நாட்களுக்கே உரியது; ஆலயத்தில் பாடுகிற லேவியனுக்கு வயது தடையல்ல, குரல் கெட்டால்தான் தடை என்கிறது. வேலை மாறினால் வயதும் மாறுகிறது. பாரம் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் வயது.

கணித வாத்தியார் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "எனக்குக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சலிப்பும் இல்லை. அப்படியானால் என் தோளில் இருப்பது பள்ளிக்கூடம் இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதே 50 வயது நம் காலத்தில் பெரிய அளவில் ஒரு கேள்வியாக வந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. 50 வயது நிரம்பியவர்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை எழுதிக் கொடுக்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷ சேவைக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம், வரம்புக்கு உட்பட்டு. 53 வயதில் 30 வருஷம் முடித்தவருக்கு 1,050-ம் 175-ம் சேர்ந்து 1,225 நாள் சம்பளம் என்று கணக்கு வரும். 78,569 பேர் ஒப்புக்கொண்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று மாலை அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். நிறுவனத்தின் ஆட்களில் ஏறத்தாழ பாதி.

அவர்கள் முடிவு தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. 2000 அக்டோபர் 1-ல் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து மாறி வந்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கையில் இருந்தது. கம்பம் ஏறிய லைன்மேனுக்கு 50 வயது என்பது உண்மையாகவே இறக்கி வைக்கும் வயதுதான். ஆனால் முடிவெடுக்கக் கிடைத்தது முப்பது நாள். அந்த வருஷம் பிப்ரவரியில் சம்பளமே குறித்த தேதியில் வராத அனுபவம் பின்னால் நின்றது. பக்கத்து மேஜைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. பயம் ஒரு காரணமாக இருக்கலாம். அதுவே முழுக் காரணமாக இருந்தால், கையெழுத்திட்ட மறுநாள் பயம் போய்விடும், வேலையும் போயிருக்கும்.

வெளியே வந்து ஏழு வாரம் முடிந்தபோது, மார்ச் 25-ல், ஊரடங்கு வந்தது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் டீக்கடை, பழக்கடை, விடுதி என்று பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிப் பிழைப்போர் எத்தனையோ பேர். கொரோனா காலத்தில் ஏறத்தாழ இரண்டு வருஷம் பெரும்பாலான பௌர்ணமிகளுக்கு நடக்க அனுமதி கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று அந்தப் பாதையில் ஒரு கடை போடலாம், ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்பது இன்றும் நம் பகுதியில் பலர் சொல்லும் திட்டம். கெட்ட திட்டம் அல்ல. ஆனால் இரண்டு வருஷம் ஒரு பைசா வராவிட்டாலும் அடுப்பெரியுமா என்று அந்த இரண்டு வருஷத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடவேண்டும்.

கணக்கு என்று வந்துவிட்டதால் ஆசிரியருடைய நோட்டுக்கே போவோம். தமிழக அரசு ஊழியருக்கு அடிப்படை விதி 56(3)-ன்படி, 50 வயது நிரம்பியிருந்தால் அல்லது 20 வருஷத் தகுதிச் சேவை இருந்தால், மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். முழு ஓய்வூதியத்துக்கு 30 வருஷம். இவருக்கு அது முடிந்துவிட்டது. அடிப்படைச் சம்பளம் 80,000 என்று வைத்துக்கொண்டால் ஓய்வூதியம் 40,000. இன்னும் இரண்டு வருஷம் இருந்து இரண்டு ஊதிய உயர்வு வாங்கினால் 42,400 அளவில் வரும். மாதம் 2,400 வித்தியாசம். இடைப்பட்ட 24 மாதத்தில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வித்தியாசம், அகவிலைப்படி சேர்க்காமல், 9,60,000. சிறிய தொகை அல்ல. ஆனால் குடும்பம் சாய்ந்துபோகிற தொகையுமல்ல. பணம் அவரைத் தடுக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி அமையாது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள். அவர்கள் விஷயத்தில் அரசு புதிது புதிதாக முடிவுகள் அறிவித்து வருவதால், கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையைக் கேட்டுப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். அடுத்து, தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறதே என்று நம்பி வெளியே வருகிறவர்கள் கவனிக்க: 60 வயதுக்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அதில் சேர 55 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரவும் வேண்டும். 52-ல் வெளியே வருகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது. விலைவாசியையும் சேர்த்துப் பாருங்கள். வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிக்கும். இன்று 25,000 ரூபாயில் நடக்கிற வீடு அன்று 50,000 கேட்கும்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. நோட்டில் நாற்பது பக்கம். அவர் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. "சிஸ்டர் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டோம். அவர் மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர், வயது 54. "அவளிடம் இன்னும் பேசவில்லை ஐயா. சந்தோஷப்படுவாள்" என்றார். அடுத்த முறை அவர்களையும் அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். மாடிப்படி ஏறுகையில் அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினதைப் பார்த்தோம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாதத்தில் ஒரு வாரம் இரவு வேலை. இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பினால் மாமியாரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்களாம். கணவருடைய திட்டத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். "இவர் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு இன்னொரு பேஷண்ட்" என்றார்கள்.

"நீங்கள் எப்போதாவது வேலையை விட நினைத்ததுண்டா?" என்று கேட்டோம்.

"மூன்று வருஷமாக நினைக்கிறேன் ஐயா. எனக்கு வரப்போகிற பென்ஷன் மூவாயிரமோ என்னவோ. அதை வைத்துக்கொண்டு நான் ரிட்டயர் ஆகிறேன் என்று எப்படிச் சொல்வது? சம்பாதிக்கிறவர் அவர்; அவருக்குத்தான் அதெல்லாம்" என்றார்கள்.

ஆசிரியர் தலை நிமிரவில்லை. எங்களுக்கும் பேச்சு வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் முப்பது வருஷமாக வேலைக்குப் போகிறார்கள். ஓய்வு என்ற சொல் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. காரணம், மற்றவருடைய ஓய்வூதியம் சிறியது. எங்களிடம் ஆலோசனை கேட்டு வருகிற குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். பார்த்தும், இவர் விஷயத்தில் முதல் நாளே கேட்காமல் விட்டது எங்கள் குறைதான்.

யோர்தானைக் கடந்து தாவீதை வழியனுப்ப வந்த பர்சிலாவை நினைத்துக்கொண்டோம். 80 வயது. எருசலேமுக்கு வா, நான் பராமரிக்கிறேன் என்று ராஜா கூப்பிடுகிறார். எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரிவதில்லை, பாடகரின் சத்தம் கேட்பதில்லை, நான் ஏன் ராஜாவுக்குப் பாரமாக வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்துவிட்டு, தமக்குப் பதில் கிம்காமை அனுப்புகிறார். தம் உடம்பு இன்னது செய்யும், இன்னது செய்யாது என்று ராஜா முன்னாலும் கூச்சப்படாமல் சொன்ன மனிதர். அந்த அம்மாளிடம் அதுபோல ஒரு பட்டியல் எழுதச் சொன்னோம். "இரவில் வார்டு மாடி ஏற முடியாது. நோயாளியைப் புரட்டிப் போட முடியாது. ஊசி போட முடியும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்" என்று நாலே வரி எழுதினார்கள். எதைத் தோளிலிருந்து இறக்க வேண்டும், எந்தக் காவலுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு அவர்களுடைய கணக்கைப் போட்டோம். தனியார் நிறுவனங்களிலும் மிஷன் நிறுவனங்களிலும் வேலை செய்கிற நம் நண்பர்கள் பலருக்கு இது பயன்படும். 1995-ம் வருஷத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருஷச் சேவை முடித்தவருக்கு ஓய்வூதியம் 58 வயதில். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 54-ல் வாங்கினால் 16 சதவீதம் போகும். 3,000 என்பது 2,520 ஆகும். 58 வந்த பிறகும் அது ஏறாது, ஆயுள் முழுவதும் அவ்வளவுதான். பலர் வேலையை விட்டால் உடனே ஓய்வூதியமும் வாங்கியாக வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியில்லை. படிவம் 10சி கொடுத்துச் சேவைக்கான திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, 58 முடிந்ததும் விண்ணப்பித்தால் வெட்டு இல்லை. இடையில் நாலு வருஷம் அவர்கள் கையில் பணம் வராது. ஆனால் கணவருடைய சம்பளம் 60 வரை வரும்; அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் மனைவிக்கும் இடமுண்டு. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது பெரிய ஆறுதல்.

கேள்வி தலைகீழாகிவிட்டது. வந்தது ஆசிரியர் 58-ல் போகலாமா என்று. திரும்பிப் போகும்போது சிஸ்டர் இந்த மார்ச்சோடு நின்றுவிடலாமா என்று. தாயாரை இரவில் புரட்டிப் படுக்க வைப்பது இனி தம் வேலை என்று ஆசிரியர் தாமாகவே சொன்னார். "உங்களுக்கு அது தெரியாது" என்றார்கள் அவர்கள். "நீதான் சொல்லிக்கொடுப்பாயே" என்றார்.

பிப்ரவரியில் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. ஆசிரியர் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை. 60 வரை இருக்கிறார். அந்த அம்மாள் இரவு வேலையிலிருந்து விலக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் பகலில் வந்து புதிய செவிலியருக்குப் பயிற்சி தரட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. சான்றிதழ் வேலைதான் இழுக்கிறது. வைப்புநிதிப் பதிவில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும், ஆதார் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருப்பதால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டதாம். நம் நண்பர்களில் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு காரியத்தையாவது இந்த வாரமே எடுத்துப் பார்த்து வையுங்கள். திருத்தக் கடிதத்தோடு இருவரும் அடுத்த திங்கட்கிழமை வைப்புநிதி அலுவலகத்துக்குப் போகிறார்கள்.